நூற்றுப் பதினெட்டாவது துயரம்

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், ஒரு டயர்க் கடையின் மாடியில், புலம்பெயர் புதின மையம் இயங்கி வந்தது. தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்களின் வேதனையைப் பிடித்து நாவலாக்குவது அதன் வேலை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் சங்கம் நன்கொடை கொடுத்தது. வருடத்துக்கு ஏழு நாவல் தேறும். எல்லா நாவலின் அட்டையிலும் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நிற்பான். பன்னிரண்டு வருடமாக ஒரே பெட்டி, ஒரே முதுகு. முதுகு, மைய இயக்குநர் முனைவர் சிவசங்கரின் மைத்துனருடையது என்று சொல்வார்கள்.

இந்த மையத்தின் மாலை வகுப்பில் சேரத் தளவாய் மாடியேறி வந்ததற்குக் காரணம் இலக்கியம் அல்ல. ஒரு ஹெல்மெட்.

தளவாய்க்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம் கடையம். வயது இருபத்தைந்து. ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர். அவன் இங்கே வந்த நாலாம் மாதம், ஊரில் அவன் அறை சும்மா கிடக்கிறதே என்று அம்மா அதை வாடகைக்கு விட்டுவிட்டாள். குடிவந்தவன் பாபு; ஒடிசாக்காரன், டைல்ஸ் ஒட்டுகிறவன். போன மே மாதம் லீவில் போனபோது தளவாய் தன் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்துவிட்டுத் திரும்பினான். அந்தப் பயணத்தில் அவன் பார்த்த ஒரு காட்சியை மட்டும், கட்டம் போட்ட தன் நாட்குறிப்பில் ஏற்றவில்லை. எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் போன் வந்தது.

"ஏலே தளவாய், ஒன் ரூம்ல அந்த ஷோகேஸ் இருக்குல்லா, அதுல ஒன் ஸ்கூல் கப்பு ரெண்டும் தகரம் பேந்து போச்சு, தூக்கிப் பரணுல போட்டுட்டேன். அந்த எடத்துல ஹெல்மெட்டை வச்சுக்கிடட்டுமான்னு பாபு கேக்கான்."

"என் ஷோகேஸ்லயா?"

"சும்மாதான கெடக்கு? வைக்கதுக்கு ஒன் சாமான் ஏதாச்சும் இருந்தாச் சொல்லு. இல்லன்னா புள்ள ஹெல்மெட்ட எங்கதான் வைப்பான், பாவம்."

தளவாய் யோசித்தான். அவனிடம் இருந்த சாமான் என்று பார்த்தால் கம்பெனி அடையாள அட்டை, ஒரு வெர்னியர் அளவுகோல், தினமும் எழுதும் நாட்குறிப்பு. நாட்குறிப்பைத் தட்டித்தடவிப் புத்தகமாக்கிவிட்டால் அட்டையில் பேர் வரும். பேர் போட்ட புத்தகத்தை எடுத்துவிட்டு யாரும் ஹெல்மெட் வைக்க மாட்டார்கள்.

"ஒரு புஸ்தகம் வருதும்மா. பொங்க வரைக்கும் அவனைப் பொறுக்கச் சொல்லு."

"பொங்க வரைக்கும்தாம்ல. அப்புறம் எனக்கு வாக்கு மாற வராது."

மையத்தில் அலுவலகப் பொறுப்பு எழிலரசியிடம் இருந்தது. படப்பையிலேயே பிறந்து வளர்ந்தவள். விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிறவள் அவளே.

"இன்னா சார், எத்தினி கடல் தாண்டிகினு வந்தீங்க?"

"கடலா? நான் கடையம் மேடம். பஸ்ல வந்தேன்."

"ஃபார்ம்ல கீது, கேக்கறேன். கடல் இல்லன்னா இன்னா தாண்டினீங்கோ?"

தளவாய் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று விரல்விட்டு எண்ணினான். "தாமிரபரணி, வைகை, காவேரி, கொள்ளிடம், பெண்ணையாறு, பாலாறு. ரெண்டுலதான் தண்ணி கிடந்துச்சு."

"ஆத்தெல்லாம் கூட்டி அரைக் கடல்னு போட்டுக்கறேன். டோல்கேட்டு வுடுங்கோ, அத்த சேக்க மாட்டாங்க. போன வருசம் திண்டிவனத்துக்காரர் ஒர்த்தர் வந்தாரு. பாவம், அவருக்குக் கால் கடல்கூட வர்ல."

வகுப்பு செவ்வாயும் சனியும் மாலை ஆறரைக்கு. பாடத்திட்டம் சுவரில் ஒட்டியிருந்தது. முதல் அத்தியாயத்தில் பெட்டி. மூன்றில் மழை. ஐந்தில் அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய். ஒன்பதில் ஊறுகாய் தீர்வது. இறுதி அத்தியாயத்தில் ஊருக்குப் போகலாமா வேண்டாமா என்று நாயகன் நிற்பது. போகவும் கூடாது, உட்காரவும் கூடாது.

இயக்குநர் சிவசங்கர் பாடம் எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். படப்பையில் பிறந்து படப்பையில் படித்துப் படப்பையிலேயே வீடு கட்டியவர். ஒரு கருத்தரங்குக்காகச் சிங்கப்பூரில் பதினோரு நாள் இருந்திருக்கிறார். அதை மூன்று பாகமாக எழுதியிருக்கிறார்.

"புலம்பெயர்ந்தவனுக்கு இரண்டு கண்கள்," என்றார் முதல் நாள். "ஒன்று பின்னால் பார்க்கும். இன்னொன்றும் பின்னால்தான் பார்க்கும். முன்னால் பார்ப்பவன் பயணி. அவனுக்கு எங்கள் மையத்தில் இடமில்லை."

தளவாய் அதைக் குறித்துக்கொண்டான். பக்கத்தில், 'நடப்பது எப்படி?' என்று ஒரு கேள்வியும் போட்டான். கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் அது தன்னுடைய குறையாக இருக்கும் என்று தோன்றியது.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பத்து நிமிடம் ஏக்கப் பயிற்சி. எல்லோரும் ஜன்னலோரம் நின்று தூரத்தைப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே லாரி நிறுத்துமிடம்.

"லாரியைப் பார்க்காதீர்கள்!" என்று பின்னாலிருந்து குரல் வரும். "லாரிக்கு மேலே ஓரடி. அங்கேதான் உங்கள் தாய்மண்."

தளவாய் லாரிக்கு மேலே ஓரடியை முறையாகப் பார்த்தான். மூன்றாவது வாரம் அந்த இடத்தில் ஒரு விளம்பரப் பலகை வந்துவிட்டது. அதன்பின் வகுப்பே சேர்ந்து அரையங்குலக் கம்பிகளின் விலைப்பட்டியலைப் பார்த்து ஏங்கியது.

நாலு மாதத்தில் தளவாய் நாவலை முடித்துக் கொடுத்தான். கொடுத்த மறுநாளே இயக்குநர் கூப்பிட்டுவிட்டார். மேஜையில் கையெழுத்துப் பிரதி திறந்து கிடந்தது. அவர் அதைத் தொடாமல், தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன தம்பி?"

"நாவல்யா."

"இதில் ஏன் கட்டம் போட்டிருக்கிறாய்?"

தளவாய்க்கு எழுதத் தெரிந்த முறை ஒன்றுதான். கம்பெனியில் ஒரு குறை கண்டால் அதற்கென்று ஒரு தாள் உண்டு: குறை, ஐந்து முறை 'ஏன்', மூல காரணம், நடவடிக்கை, பொறுப்பு, தேதி, நிலை. இங்கே வந்த நாளிலிருந்து தனக்கு நேர்ந்த ஒவ்வொரு துயரத்தையும் அவன் அப்படித்தான் எழுதி வந்திருந்தான். இயக்குநர் ஒன்றை உரக்கப் படித்தார்.

"துயரம் எண் இருபத்து மூன்று. ஞாயிறு மாலை அழுகை வந்தது. ஏன்? ஊர் ஞாபகம். ஊர் ஞாபகம் ஏன்? சாப்பாட்டில் ரசம் இல்லை. ஏன் இல்லை? சமையல் முறைக்காரன் சண்முகசுந்தரம் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? கரண்டி கையைச் சுடுகிறது. ஏன் சுடுகிறது? மரப்பிடி கழன்றுவிட்டது. மூல காரணம்: மரப்பிடி. நடவடிக்கை: புதுக் கரண்டி. பொறுப்பு: தளவாய். நிலை: முடிந்தது. அதன்பின் எட்டு ஞாயிறு கண்காணித்தேன். அழுகை வரவில்லை."

அவர் தாளைக் கீழே வைத்தார்.

"நூற்றுப் பதினேழு துயரங்கள். நூற்றுப் பதினேழும் முடிந்தது! முடிந்தது, முடிந்தது, முடிந்தது! தம்பி, ஒரு இனத்தின் கண்ணீரைக் கரண்டி வாங்கி நிறுத்திவிட்டாயே!"

"மன்னிச்சிருங்கய்யா. வேற கரண்டி வாங்கியிருக்கணுமோ?"

"கரண்டியே வாங்கியிருக்கக் கூடாது! துயரம் திறந்தே இருக்க வேண்டும். வாசகன் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். நாற்பது துயரங்களையாவது திறந்துகொண்டு வா. இல்லாவிட்டால் அச்சு இல்லை."

தளவாய் அன்று நடந்தே அறைக்கு வந்தான். பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. திறப்பது என்றால் எப்படி? முடிந்ததை முடியவில்லை என்று எழுதலாம். ஆனால் நடக்காததைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்பது கம்பெனியில் அவன் கற்ற முதல் பாடம். அதனால் அவனுக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழியில் இறங்கினான். துயரங்களை ஒவ்வொன்றாக உண்மையிலேயே திறந்தான். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடியில்லாத கரண்டியை மீட்டான். ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றினான். கதவுத் தாழ்ப்பாளில் போட்ட எண்ணெயைத் துணியால் துடைத்தான். துயரம் எண் பதினான்கு தண்ணீர் வராமை. எனவே மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் கன்டென்சரையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான்.

அறைத் தோழன் சண்முகசுந்தரம், கோவில்பட்டிக்காரன், முகமெல்லாம் சோப்போடு குளியலறையிலிருந்து வந்தான்.

"ஏலே, தண்ணி நின்னு போச்சு. என்னன்னு பாரு, கண்ணு எரியுது."

"அது பதினாலு."

"என்னல பதினாலு?"

"பதினாலாம் துயரம். மறுபடி திறந்திருக்கேன். ஒரு மாசம் திறந்து கிடக்கணும். நீ சகிச்சுக்கிடுதியான்னு நான் எழுதணும்."

சண்முகசுந்தரம் சோப்பை வழித்துத் தரையில் அடித்தான்.

"நீ நாவல் எழுத நான் ஏம்ல குளிக்காம வேலைக்குப் போணும்? ஒன் புஸ்தகத்துல எம்பேரு எத்தனை எடத்துல வருது?"

"பதினொண்ணு."

"எல்லாத்துலயும் நான்தான் மூல காரணமா?"

"ஒம்பதுல."

அடுத்த அரைமணிக்குள் கன்டென்சர் மோட்டாருக்குத் திரும்பியது. கரண்டி கூரைக்கு மேல் பறந்தது. அறையில் இருந்த நால்வரும் கூடி, தளவாய் இனி ஸ்குரூடிரைவர் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நாற்பது துயரம் வேண்டிய இடத்தில் அவனுக்குத் தேறியது பூஜ்யம். இருந்த அறையில் துயரமே தங்கவில்லை. கோளாறு தன்னிடம்தான் என்று நாட்குறிப்பில் எழுதினான். எழுதிவிட்டு, ஏன் என்று ஐந்து முறை கேட்டுப் பார்த்தான். ஐந்தாவது ஏனுக்கு, 'இங்கே நன்றாக இருக்கிறது' என்று பதில் வந்தது. பயந்துபோய் அதை அடித்துவிட்டான்.

அம்மா போன் செய்தாள். "ஹெல்மெட்டுக்கு அளவு பாத்தாச்சுல. கச்சிதமாப் பொருந்துது."

இந்த நிலையில்தான் மையத்துக்குத் தணிக்கை வந்தது. நன்கொடை தரும் சங்கத்துக்குத் தெரிந்த உறவு ஒன்றே ஒன்று: தங்களுக்குப் பொருள் தருகிறவன் சப்ளையர். போல்ட் தருகிறவனும் சப்ளையர், நாவல் தருகிறவனும் சப்ளையர். சப்ளையரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும். பன்னிரண்டு வருடமாக விட்டுப்போனது அந்த வருடம் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. மெர்சி என்ற தணிக்கையாளர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நான்கு நாள் உட்கார்ந்து எண்பத்து நான்கு நாவல்களையும் படித்தாள். மையத்தின் சரித்திரத்தில் அவற்றை எல்லாம் படித்த முதல் ஆள் அவள்தான்.

ஐந்தாம் நாள் எல்லோரையும் உட்கார வைத்தாள்.

"சார், எண்பத்து நாலு புக்ல நாலாயிரத்து முந்நூத்திப் பதினாறு பிராப்ளம் ரிப்போர்ட் ஆயிருக்கு. சரியா?"

"துயரம் என்பதே சரியான சொல்," என்றார் இயக்குநர்.

"ஓகே, துயரம். இதுல எத்தனை க்ளோஸ் ஆயிருக்கு?"

"ஒன்றுகூட இல்லை!" இயக்குநர் பெருமையோடு கண்ணாடியைக் கழற்றினார். "பன்னிரண்டு வருடத்தில் ஒரு துயரத்தைக்கூட நாங்கள் தீர விட்டதில்லை."

மெர்சி எழுதிக்கொண்டாள். "இந்தத் துயரங்களுக்குப் பொறுப்பு யாரு?"

"விதி."

"விதி எந்த டிபார்ட்மென்ட் சார்? எம்ப்ளாயி நம்பர் இருக்கா?"

"அம்மா, உங்களுக்குப் புரியவில்லை. தீர்ந்துபோன துயரத்தை யார் படிப்பார்கள்? இவர்கள் எல்லாம் சந்தோஷமாக இருந்துவிட்டால் நான் எங்கே போவேன்? எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த மையத்தின் அஸ்திவாரமே கண்ணீர்தான்!"

'அஸ்திவாரத்தில் ஈரம்' என்று மெர்சி குறித்துக்கொண்டாள்.

"பத்து நாள் டைம் தரேன். எல்லா ஓப்பன் பாயின்ட்டையும் க்ளோஸ் பண்ணிக் காட்டுங்க. இல்லன்னா சப்ளையர் லிஸ்ட்லருந்து பேரை எடுத்துருவோம்."

அன்று மாலை நாலரைக்கு முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறப்போன தளவாயை இயக்குநர் படிக்கட்டிலேயே பிடித்துவிட்டார். பின்னால் மூச்சு வாங்க எழிலரசி.

"தம்பி, அந்தக் கரண்டி," என்றார் இயக்குநர். "அற்புதமான கரண்டி. எனக்கு அப்போதே தெரியும்."

"ஐயா, நான் நாற்பது திறக்கலாம்னு பார்த்தேன். ஒண்ணுகூடத் திறக்க முடியல."

"திறக்காதே! ஒன்றையும் திறக்காதே! நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறை மூடு. உன் நாவலைப் பொங்கலுக்கு முன்னால் அச்சிட்டுத் தருகிறேன். ஆனால் அதிலும் ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது."

தளவாய் லீவு போட்டுவிட்டு வந்தான். மாலை வகுப்பு மாணவர்கள் பதினான்கு பேரையும் நீள மேஜையில் வரிசையாக உட்கார வைத்தான். முதல் ஆள் நாவலைப் பிரித்துத் துயரத்தைக் கண்டுபிடிப்பான். அடுத்த ஐந்து பேர் ஆளுக்கொரு 'ஏன்' கேட்பார்கள். அதற்கடுத்தவர்கள் காரணம், நடவடிக்கை, தேதி. கடைசி ஆள் பச்சை முத்திரை. எழிலரசி டீயும் மை அட்டையும் கொடுத்தாள்.

பாலைவனத்தில் ஒருவன், இது என் ஊர் நிலா இல்லை என்று நாற்பது பக்கம் அழுதிருந்தான். விசாரித்ததில் அதே நிலாதான் என்று தெரிந்தது. மூடப்பட்டது. அம்மாவின் குரலைக் கேட்காமல் முந்நூறு பக்கம் தவித்தவன், ஒன்பதாம் பக்கத்திலேயே போன் செய்ய வைக்கப்பட்டான். 'அம்மா நலம். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று திட்டினார்கள். முடிந்தது.' ஊருக்குப் போகலாமா வேண்டாமா என்று கடைசிப் பக்கத்தில் நின்றவர்கள் மட்டும் எழுபத்தோரு பேர். எல்லோருக்கும் ஒரே நாளில் ரயிலில் முன்பதிவு செய்யப்பட்டது.

"ஒரே ட்ரெய்ன்ல எல்லா ஹீரோவும் போறாங்கோ," என்றாள் எழிலரசி. "அந்தப் பொட்டில ஒக்கார முடியுமா சார்? எல்லாம் ஜன்னல் சீட்டு கேப்பாங்களே."

இயக்குநரின் மூன்று பாகங்கள் கடைசியில் வந்தன. பதினோரு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு துயரங்கள். அவற்றில் நூற்றுத் தொண்ணூறு, அந்நிய மண்ணில் காபி ஆறிப்போனது. மூல காரணம்: காபியை வைத்துவிட்டுத் துயரத்தை எழுதியது. நடவடிக்கை: முதலில் குடிப்பது. இயக்குநர் திரும்பி நின்றுகொண்டு கையெழுத்திட்டார். முதுகை மட்டும் பார்த்தால் அட்டைப்படம் போலவே இருந்தது.

பத்தாம் நாள் மெர்சி வந்தாள். எண்பத்து நான்கு நாவல்களும் பச்சையாக நின்றன. கடைசியாகத் தளவாயின் பிரதியை எடுத்தாள். விரல் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன? நூத்திப் பதினெட்டு. ஓப்பன்."

இயக்குநரின் முகம் வெளிறியது. "நூற்றுப் பதினேழுதானே இருந்தது?"

"நேத்து ராத்திரி ஏத்தினேன்யா," என்றான் தளவாய். "அத்தனை பேரோடதையும் மூடினோம். எங்கிட்ட ஒண்ணு ஏறாமலே கிடந்துச்சு. பதிவேடுன்னா எல்லாம் இருக்கணும்ல."

"கிழி அதை! உன் புத்தகம், என் மையம், எல்லாம் போய்விடும்!"

தளவாய் கிழிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஷோகேஸில் ஹெல்மெட் ஏறி உட்காருவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. மெர்சி படித்தாள்.

'துயரம் எண் நூற்றுப் பதினெட்டு. மே மாதம் ஊருக்குப் போனேன். அம்மா காபி கொடுத்தாள். விருந்தாளிகளுக்கு எடுக்கும் பூப்போட்ட கண்ணாடி டம்ளரில் எனக்கு. என் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் பாபுவுக்கு. ஏன்? அம்மாவுக்குக் கை அப்படிப் பழகிவிட்டது. ஏன்? தினமும் இருப்பவன் அவன். ஏன்? நான் இங்கே இருக்கிறேன். ஏன்? வேலை இங்கே. ஏன்? எழுதத் தெரியவில்லை. மூல காரணம்: தெரியவில்லை. நடவடிக்கை: இல்லை. பாபு நல்ல பையன்.'

மெர்சி பேனாவை மூடித் திறந்தாள்.

"பொறுப்புன்னு யாரைப் போட்டிருக்கீங்க?"

"நான்தான் மேடம்."

"தேதி?"

"தெரியல. பொங்கலுக்குப் போறேன். அன்னைக்குப் பார்த்துச் சொல்லட்டுமா?"

"சரி, பொங்கல்னு போடுங்க." பிறகு இயக்குநரிடம் திரும்பினாள். "ஓப்பனே இல்லாத இடத்துக்குப் போனா எனக்குப் பயமா இருக்கும் சார். எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆள் பேரும் தேதியும் போட்ட ஓப்பன் ஒண்ணு இருக்கு. இதனால உங்களைப் பாஸ் பண்றேன்."

வெளியீட்டு விழாவில் இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். துயரத்தைத் தீர்ப்பதே இலக்கியம் என்று தாம் பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வருவதாகச் சொன்னார். நூற்றுப் பதினேழைத் தாமே அருகிலிருந்து மூட வைத்ததாகவும், ஒன்றைத் தம் கையாலேயே திறந்து வைத்ததாகவும் சொன்னார். அட்டையில் அதே பெட்டி, அதே முதுகு. கீழே கொட்டை எழுத்தில் தளவாய்.

போகிக்கு முதல் நாள் காலையில் அவன் கடையத்தில் இறங்கினான். அம்மா புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். "யாருல இது, திரும்பி நிக்கான்?" என்று கேட்டாள். ஆனால் வாக்குத் தவறவில்லை. ஷோகேஸைத் துடைத்து நடுத் தட்டில் புத்தகத்தை நிறுத்தினாள். பாபு ஷோகேஸ் பக்கத்தில் காத்திருந்த தன் ஹெல்மெட்டைச் சத்தமில்லாமல் எடுத்து ஆணியில் மாட்டிவிட்டான்.

காபி வந்தது. தளவாய்க்குப் பூப்போட்ட கண்ணாடி டம்ளர்.

பாபு தன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினான். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் டைல்ஸ் ஒட்டுகிறவன்; ஒரு கோடு இன்னொரு கோட்டோடு சேருகிறதா என்று பார்க்கிற கண். ஷோகேஸில் இருந்த அட்டையைப் பார்த்தான். டம்ளரில் வெட்டியிருந்ததைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான்.

"அண்ணா! சேம், சேம்!"

எழுந்து வந்து, இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினான். தளவாய் கண்ணாடி டம்ளரை அவனிடம் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை வாங்கிக்கொண்டான். பேர் வெட்டிய இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. காபி நல்ல சூடு. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். ஷோகேஸிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, 'முடிந்தது' என்று எழுதப் போனான். 'மு' போட்டாகிவிட்டது.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, அதுல ஏம்ல குடிக்க? அது பாபு டம்ளருல்லா!"

தளவாய் 'மு'வை ஒரு கோடு போட்டு அடித்தான். தேதியையும் அடித்தான். பக்கத்தில், கம்பெனி விதிப்படி சுருக்கொப்பம் இட்டு, 'அடுத்த பொங்கல்' என்று எழுதினான்.